போலீஸ் நிலையத்தில் குடிமக்களின் உரிமை

போலீஸ் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவரில் பெரும்பாலோர்க்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. பொருளைப் பறிகொடுத்தவரும் அங்கே நுழைந்தவுடன் குற்றம் புரிந்தவரைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். “கோர்ட்டு, கச்சேரி என்று ஏறாமல் காலத்தைத் தள்ளிவிட்டோம்” என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இந்தத் தயக்கம் காரணமின்றி வந்ததன்று. இந்நாட்டுப் போலீஸ் அமைப்புக்கு அடிப்படையாக நின்றது 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், அன்னிய ஆட்சியினர் தம் ஆட்சியைக் காத்துக்கொள்ளும் எண்ணத்தோடு இயற்றிய சட்டம் அது. குடிமக்கள் வந்து முறையிடுவதற்குரிய இடம் என்பதைக் காட்டிலும், அவர்களைக் கண்காணிப்பதற்குரிய இடம் என்ற கருத்தே அந்நாளில் மேலோங்கியிருந்தது. குடியரசு பிறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கருத்தின் நிழல் நிலையத்து வாசலில் இன்னும் கிடக்கிறது.

ஆயினும், அந்த வாசலைத் தாண்டி உள்ளே செல்லும் குடிமகனுக்குச் சட்டம் பல பாதுகாப்புகளை அளித்திருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை எழுத்தைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். நகல் தர வேண்டும். அழைப்பதானால் எழுத்தில் அழைக்க வேண்டும். கைது செய்வதானால் அதற்குரிய ஆதாரத்தைக் கைதானவருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் தலைநகரில் மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்புப் பணியில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறோமாதலால், எழுத்தின்மேல் நமக்குச் சற்று அதிகப்படியான பற்று உண்டென்று நேயர்கள் கருதக்கூடும். அது உண்மையே. சென்ற குளிர்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்தப் பற்றை இன்னும் வலுப்படுத்தியது.

நம் குடியிருப்பில், தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் முதிய அம்மையார் ஒருவர் விடியற்காலையில் பால் வாங்கச் சென்றார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவர் கழுத்திலிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு மறைந்தனர். மகன் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தார். அம்மையாருக்கு ஹிந்தி தெரியாது. ஆகவே நிலையத்துக்கு நாம் உடன் சென்றோம்.

நிலையத்தில் பொறுப்பிலிருந்தவர் மரியாதைக் குறைவு ஏதும் காட்டவில்லை. ‘மாதாஜி’ என்று அழைத்து நாற்காலி போட்டார், தேநீரும் வரவழைத்தார். அம்மையார் தமிழில் சொல்லச் சொல்ல, நாம் அதை ஹிந்தியில் எடுத்துரைத்தோம். முன்ஷி அதனைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தார். வடநாட்டு நிலையங்களில் எழுத்தருக்கு வழங்கும் பெயர் முன்ஷி என்பதாம். கால்மணி நேரத்தில் ஒரு தாள் வெளிவந்தது. ‘இங்கே கையெழுத்து’ என்று விரலால் சுட்டிக் காட்டினார். முதலில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டோம். சற்று வியப்போடு நம்மைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் படித்தார். அதில் சங்கிலி ‘கும் ஹோ கயீ’ என்றிருந்தது. அதாவது, காணாமற் போயிற்று. அதனை அப்படியே தமிழில் அம்மையாருக்குச் சொன்னோம்.

“நான் தொலைக்கலை, தம்பி. அவன் அறுத்துக்கிட்டுப் போனான். கழுத்திலே இருக்கிற காயத்தைக் காட்டணுமா?” என்றார் அவர்.

தொலைந்தது என்றாலும் பறிபோனது என்றாலும் இழப்பு ஒன்றுதானே என்று முன்ஷி சமாதானம் கூறினார். இழப்பு ஒன்றுதான்; ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. காணாமற்போன பொருளுக்கு ஒரு ரசீது கிடைக்கும். அதனைக் கொண்டு எவரும் எவரையும் தேடிப் புறப்படமாட்டார். பறித்துச் செல்லுதலோ, பாரதீய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே கூறப்பட்டிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது. மாஜிஸ்டிரேட்டின் உத்தரவை எதிர்பாராமல் போலீசார் தாமே புலன்விசாரணை நடத்தக்கூடியது. ஆக, ஒரே ஒரு வினைச்சொல்லால் ஒரு வழக்கு பிறக்கவும் கூடும்; பிறவாமலே போகவும் கூடும். நெடுநேரப் பேச்சுக்குப் பின் இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய தாள் ஒதுக்கப்பட்டு, பறித்துச் சென்றனர் என்ற சொற்களோடு வேறு தாள் அடிக்கப்பட்டது. முன்ஷியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பதிவாகும் பறிப்புகள் மிகுந்தால் மேலிடத்திலிருந்து நிலையத்துக்குக் கேள்வி வரும். தொகை குறைவாகத் தோன்ற வேண்டுமென்ற ஆவல், அறிந்தோ அறியாமலோ, எழுதுபவரின் சொல்லை வளைத்துவிடுகிறது.

மேலே கூறிய தாளுக்கு முதல் தகவல் அறிக்கை என்று பெயர். ஆங்கில எழுத்துகளால் எஃப்.ஐ.ஆர். என்று சொன்னால் எல்லோர்க்கும் எளிதில் விளங்கும். 1898-ஆம் ஆண்டின் கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்குரிய பிரிவு 154. இப்போது நடைமுறையிலிருப்பது, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அமலுக்கு வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. இதில் அப்பிரிவின் எண் 173. பெயரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ‘நாகரிக்’ என்பதற்கு ஹிந்தியில் குடிமகன் என்று பொருள். தமிழில் நாகரிகம் என்பது வேறு பொருளில் வழங்குவதால், இச்சட்டத்தின் பெயரைக் கேட்ட தமிழன்பர் ஒருவர் இது நடை உடை பாவனைகளைப் பற்றிய சட்டமோ என்று நம்மிடம் கேட்டார். குடிமக்கள் பாதுகாப்புத் தொகுப்பு என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு தோன்றியது.

இந்த 173-ஆம் பிரிவு கூறுவது யாது? போலீசார் தாமே புலன்விசாரணை தொடங்கக்கூடிய குற்றம் ஒன்று நடந்ததாக எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால், நிலையப் பொறுப்பதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது தம் மேற்பார்வையில் எழுதச் செய்ய வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அவரிடம் கையெழுத்துப் பெற வேண்டும். நகல் ஒன்றை உடனே கட்டணமின்றித் தர வேண்டும். மின்னஞ்சல் முதலிய மின்னணு வழிகளிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் சென்று கையெழுத்திட்டால்தான் அது பதிவுக்கு வரும். படித்துக் காட்டுதல் என்பது சடங்கன்று என்பதை நம் அம்மையாரின் சங்கிலி காட்டிவிட்டது. டில்லியில் இவ்வறிக்கைகள் எழுதப்படும் நடையைப் பற்றி உயர்நீதிமன்றமே 2019-ஆம் ஆண்டில் பேச நேர்ந்தது. உருது, பாரசீகச் சொற்கள் மலிந்த பழைய நடையில், புகார் கொடுத்தவருக்கே விளங்காத வகையில் எழுதுவதை விடுத்து, அவர் சொன்ன சொற்களிலேயே எளிமையாக எழுத வேண்டும் என்று அம்மன்றம் கூறியது. தனக்கு விளங்காத சொற்களுக்குக் கீழே ஒருவர் கையெழுத்திட நேர்வது எவ்வளவு பெரிய தீமை என்பதை மொழிபெயர்ப்பாளர் எவரும் அறிவர்.

‘குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை, அந்த நிலையத்துக்குப் போங்கள்’ என்ற மறுமொழியைப் பலர் கேட்டிருப்பர். புதிய சட்டத்தின் சொற்கள் இதற்கு இடம் வைக்கவில்லை. குற்றம் எந்தப் பகுதியில் நிகழ்ந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. பதிவெண்ணாகப் பூஜ்யத்தை இட்டு, பின்னர் உரிய நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். ரயிலில் பொருளை இழந்தவருக்கும், ஊர்விட்டு ஊர் ஓடிவந்த பெண்ணுக்கும் இதன் அருமை தெரியும்.

பதிவே செய்ய முடியாது என்று மறுத்தால் என் செய்வது? லலிதா குமாரி என்பார் பெயரால் அறியப்படும் வழக்கில் 2013-ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. போலீசார் நேரே விசாரிக்கத்தக்க குற்றம் தகவலில் வெளிப்படுமானால், பதிவு செய்வது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயக் கடமை என்பது அதன் சாரம். புதிய சட்டம் இதில் ஒரு சிறு இடைவெளியைத் திறந்திருக்கிறது. மூன்றாண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழாண்டுக்குக் குறைவாகவும் தண்டனையுள்ள குற்றங்களில், டெபுடி சூப்பிரண்டெண்டு நிலையிலுள்ள அதிகாரியின் முன் அனுமதியோடு பதினான்கு நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்கிறது அது. இந்த இடைவெளி நாளடைவில் அகன்றுவிடுமோ என்ற கவலை நமக்கு உண்டு. எனினும் அந்த அனுமதி எங்கே, எந்நாளில் பெறப்பட்டது என்று கேட்பதற்குப் புகார் கொடுத்தவருக்கு இடமிருக்கிறது.

மறுப்பு நீடித்தால், தகவலின் சாரத்தை எழுதித் தபாலில் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டெண்டுக்கு அனுப்பலாம். அவரும் வாளாவிருந்தால் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம். பதிவுத் தபாலின் ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு எதிரான சில கொடிய குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்க இப்போது சட்டம் இருக்கிறது. அத்தகைய குற்றங்களில், பாதிக்கப்பட்ட பெண்ணே தகவல் சொல்லும்போது அதனைப் பெண் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனத்தாலோ உடலாலோ குறைபாடு உடையவராயின், அவர் வீட்டுக்கே சென்று, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ உடன் வைத்துக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். நம் தொழிலின் பெயரைக் குற்றவியல் சட்டத்தின் நடுவே இப்படிக் காணும்போது ஒரு சிறு பெருமிதம் உண்டாவதை மறைப்பதற்கில்லை.

எல்லாப் புகாரும் இவ்வகையில் அடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண வசைச்சொல், சிறு தகராறு போன்ற குற்றங்களில் போலீசார் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் புலன்விசாரணை செய்தல் ஆகாது. அப்போதும் அவர்கள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. சாரத்தைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு மாஜிஸ்டிரேட்டிடம் செல்லும்படி வழிகாட்ட வேண்டும்.

இதுகாறும் நாமே நிலையத்துக்குச் செல்வதைப் பற்றிப் பேசினோம். நிலையம் நம்மை அழைத்தால் யாது செய்வது? ‘ஐயா கூப்பிடுகிறார், வந்துவிட்டுப் போங்கள்’ என்று ஒரு காவலர் வாசலில் நின்று சொன்னால், கையில் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு உடனே புறப்படுகிறவர்களே மிகுதி. சட்டப்படி, ஒரு வழக்கின் விவரம் அறிந்தவர் என்ற முறையில் ஒருவரை அழைப்பதற்கு எழுத்து மூலமான ஆணை தேவை. பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட அல்லது அறுபது வயதைக் கடந்த ஆண்களையும், உடலாலோ மனத்தாலோ குறைபாடு உடையவர்களையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு இவ்வாறு அழைத்தல் கூடாது. அதிகாரியே அங்குச் செல்ல வேண்டும். பழைய சட்டத்தில் அறுபத்தைந்து என்றிருந்த வயதை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அறுபதாகக் குறைத்தது. தாமே விரும்பி நிலையத்துக்கு வருவோரைத் தடுப்பதற்கில்லை.

இந்த விதி ஏழை எளியவர்க்குத்தான் மறுக்கப்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரிஸ்ஸாவின் முதலமைச்சராக 1976 வரை இருந்தவரும், ஒடியா மொழியில் எழுத்தாளருமான நந்தினி சத்பதி அவர்களை, பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, கட்டாக்கிலுள்ள ஒரு போலீஸ் நிலையத்துக்கு வருமாறு அழைத்தனர். சொத்துக் குவிப்புப் பற்றிய வழக்கு அது. நீண்டதொரு கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து விடை கேட்டனர். அவர் விடையளிக்க மறுத்தார். மறுத்ததற்காகவே அவர்மேல் வழக்குத் தொடர்ந்தனர். 1978-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இரண்டு செய்திகளைத் தெளிவாக்கியது. பெண் ஒருவரைப் போலீஸ் நிலையத்துக்கு வரவழைத்தது சட்டத்தை மீறிய செயல் என்பது ஒன்று. தமக்கே எதிரான சாட்சியாக நிற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற அரசியல் சாசனத்தின் 20-ஆம் பிரிவு, நீதிமன்றக் கூண்டில் ஏறிய பிறகுதான் துணைக்கு வரும் என்றில்லை, போலீஸ் விசாரணையின்போதே வந்துவிடும் என்பது மற்றொன்று. சாட்சியாக விசாரிக்கப்படுபவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு அவர் விடையளிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நன்கு படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அதன் பின் விசாரணையில் சாட்சிகள் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. கையெழுத்திட்ட வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு சாட்சியைக் கட்டிப்போடலாகாது என்பது அதன் கருத்து. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், தருவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. போலீஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்ற விதியோ 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் மாறாமல் இருந்து வருகிறது. அடித்துப் பெற்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் விலையில்லை என்று அன்னிய ஆட்சியினரே உணர்ந்திருந்தனர். ஆனால் அந்த ஒப்புதலைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்படுமானால், அதைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும்.

இனி, கைது. 1994-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், இருபத்தெட்டு வயதுள்ள ஜோகிந்தர் குமார் என்ற வழக்கறிஞரை உத்தரப் பிரதேசத்துக் காஜியாபாத்தில் போலீஸ் அதிகாரி ஏதோ விசாரிக்க வேண்டுமென்று அழைத்தார். சென்றவர் மாலையில் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார் என்பதே குடும்பத்தாருக்கு விளங்காமல், அவர்கள் உச்சநீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. அவ்வழக்கில் நீதிமன்றம், கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே கைது செய்துவிடலாகாது, அதற்குத் தக்க நியாயமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவருக்கே இது நேர்ந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதின் தேவையை அதிகாரி எழுத்தில் காட்ட வேண்டும். தேவையில்லையெனில் நேரில் வருமாறு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸின்படி நடந்துகொள்பவரை, காரணம் எழுதிவைக்காமல் கைது செய்யலாகாது. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றமாயிருந்து, சம்பந்தப்பட்டவர் உடல் தளர்ந்தவராகவோ அறுபது வயதைக் கடந்தவராகவோ இருந்தால், டெபுடி சூப்பிரண்டெண்டின் முன் அனுமதி வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் போதாது என்று 2025-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. இக்காலத்தில் டெலிபோனிலும் திரையிலும் போலீஸ் உடையில் தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையைவிட்டு நகராதீர்கள்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் பெருகிவிட்டனர். திரை வழியாகக் கைது செய்வது என்பது நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை.

கைது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு வழிகோலியது ஒரு கடிதம். மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராயிருந்த டி. கே. பாசு, காவலில் நிகழும் மரணங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைத் திரட்டி, 1986 ஆகஸ்டு 26-ஆம் நாள் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, பத்தாண்டுகள் கழித்து 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பதினொரு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் பல இன்று சட்டத்திலேயே ஏறிவிட்டன. கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அவ்வட்டாரத்துப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் தெரிவித்து, யாருக்குத் தெரிவித்தோம் என்பதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். உடலில் காயம் இருந்தால் அதனைக் குறித்து வைக்க வேண்டும். மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைக் காண அனுமதிக்க வேண்டும்; முழுநேரமும் அவர் உடனிருப்பதற்கு மட்டும் உரிமையில்லை. சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் பெண்களைக் கைது செய்தலாகாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி மாஜிஸ்டிரேட்டின் அனுமதியை எழுத்தில் பெற்றே செய்ய வேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கைதானவரை மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது 1950 முதல் அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ‘கைது செய்யவில்லை, விசாரணைக்கு வைத்திருக்கிறோம்’ என்ற சொற்றொடர் இந்த இருபத்துநான்கு மணி நேரக் கணக்கிலிருந்து தப்புவதற்காகவே வழங்கி வருகிறது என்பது நம் எண்ணம்.

அதே 22-ஆம் பிரிவு, கைதின் ஆதாரங்களைக் கைதானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எந்த மொழியில் தெரிவிப்பது? இந்தக் கேள்வி 1962-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிசன் என்பவருக்கு ஆங்கிலம் தெரியாது. காவலுக்கான ஆதாரங்களை நீண்டதோர் ஆங்கிலத் தாளில் கொடுத்தனர். ஹிந்தியில் தருமாறு அவர் கேட்டார். தாளைக் கொடுக்கும்போதே அதிகாரி வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார் என்றும், ஆங்கிலமே ஆட்சிமொழி என்றும் கூறி மறுத்தனர். நீதிமன்றம் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. அவருக்கு விளங்கும் மொழியில், அவர் படித்தறியக்கூடிய எழுத்தில் தராத ஆதாரம் தெரிவித்ததாகாது என்று கூறி அவரை விடுவித்தது. எந்நேரமும் பலர் வந்துபோகும் ஓர் அறையில் நின்றுகொண்டு, பல பக்கங்களை ஒருமுறை வாயால் பெயர்த்துச் சொன்னால் கேட்பவர் மனத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை நாம் தொழில் முறையில் அறிவோம். பாதி நின்றால் பெரிது.

தடுப்புக் காவலுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, சாதாரணக் கைதுக்கு முழுமையாக வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பணமாற்றக் குற்றங்களில் ஆதாரத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் பங்கஜ் பன்சால் வழக்கில் விதிக்கப்பட்டது. ‘விசாரணைக்குத் தேவை’ என்பது போன்ற பொதுக்காரணங்கள் வேறு, இந்த மனிதர் இன்னது செய்தார் என்று காட்டும் ஆதாரங்கள் வேறு என்று மறு ஆண்டில் மற்றொரு வழக்கு விளக்கியது. முடிவாக, 2025 நவம்பர் 6-ஆம் நாள் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தச் சட்டத்தின்கீழ் நிகழும் கைதாயினும் ஆதாரத்தைக் கைதானவருக்கு விளங்கும் மொழியில் எழுத்து மூலம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. கைது நேரத்தில் எழுதித்தர இயலாத சூழ்நிலையாயின் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவேனும் தாள் கையில் சேர்ந்திருக்க வேண்டும்.

வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கும் சூரத்துக்கும் செல்வோர் உளர். பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் தெற்கே வருவோர் அவர்களினும் மிகப் பலர். மொழி தெரியாத ஊரில், மொழி தெரியாத அதிகாரிகளின் நடுவே ஒரு தாளில் கைநாட்டு வைக்கும் தொழிலாளிக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டிலும் பெரிய துணை வேறொன்றில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் அத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் எங்கே கிடைப்பர் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தீர்ப்பு எளிது, ஆள் தேடுவது அரிது என்பதை எம்மைப்போல் உணர்ந்தவர் சிலரே. ஆயினும் விளங்காத தாளைக் கொடுத்துவிட்டு விளக்கியாயிற்று என்று எழுதிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு இனிமேல் நீதிமன்றத்தில் இடமிராது.

இவையனைத்துக்கும் சாட்சியாக இப்போது கேமராவும் வந்திருக்கிறது. நிலையத்தின் வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டரின் அறை உட்பட எல்லா இடங்களிலும் காட்சியையும் ஒலியையும் பதிவு செய்யும் கருவிகளை அமைக்குமாறு 2020 டிசம்பர் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பதிவுகளைப் பதினெட்டு மாதம், இயலாவிடில் குறைந்தது ஓராண்டேனும் காத்து வைக்க வேண்டும். கருவி பழுதாகிவிட்டது என்ற விடை அடிக்கடி வருகிறது என்று கேள்வி. ஆகவே குறை உள்ளவர் நாள், மணி இவற்றைக் குறிப்பிட்டு, அந்நேரத்துப் பதிவை அழியாமல் காக்கும்படி உடனே எழுதிக் கேட்பது நலம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எவரும் வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைய அதிகாரச் சட்டத்தின்படி, காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 15100 என்ற டெலிபோன் எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நம் அம்மையாரின் சங்கிலி இதுவரை கிடைக்கவில்லை. புலன்விசாரணையின் நிலைமையைத் தொண்ணூறு நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் கூறுவதை நாம் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தோம். அவர் கையெழுத்திட்டு அனுப்பினார். பதினோராம் நாள் ஒரு காவலர் வீட்டுக்கே வந்து, இருவர் பிடிபட்டிருப்பதாகவும் அடையாளம் காட்ட அழைப்பு வரும் என்றும் சொல்லிப் போனார். அழைப்பு எழுத்தில் வருமா என்று அம்மையார் அவரைக் கேட்டாராம், தமிழில். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்ததாக நம்மிடம் சொன்னார்.

போலீசார் செய்த உரிமை மீறலைப் பற்றி எவருக்கேனும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுத வேண்டியிருந்தால், நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் எழுதலாம். அவற்றுள் தமிழும் ஒன்று.